கிருபை போதும் என்றால் பத்துக் கட்டளை எதற்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். "விசுவாசித்தால் போதும், பாவம் மன்னிக்கப்படும், நாங்கள் நியாயப்பிரமாணத்துக்குக் (மோசே வழியாக வந்த சட்டத்துக்குக்) கீழ்ப்பட்டவர்கள் இல்லை" என்று உங்கள் கிறிஸ்தவ நண்பர் சொல்கிறார். அவர் வீட்டுச் சுவரிலோ பத்துக் கட்டளை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. மன்னிப்பு இலவசம் என்றால் மனிதன் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்? கட்டளை இன்னும் செல்லுபடியாகும் என்றால் கிருபை வெறும் பேச்சுத்தானே?

புதிய ஏற்பாட்டின் பல நிருபங்களை (கடிதங்களை) எழுதிய அப்போஸ்தலர் பவுல் உயிரோடு இருந்தபோதே அவரை இப்படிக் கேட்டு மடக்கப் பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 57-இல் ரோம் நகரத்துச் சபைக்கு அவர் எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலேயே, "நன்மை வரும்படி தீமை செய்வோம்" என்று தான் போதிப்பதாகச் சிலர் அவதூறு பேசுகிறார்கள் எனக் குறைப்பட்டுக்கொள்கிறார். ஆறாம் அதிகாரத்தில் அதே கேள்வியைத் தானே எடுத்து வைக்கிறார்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாது என்கிறார். ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். "செய்தால் தண்டனை கிடைக்கும்" என்று அவர் மிரட்டவில்லை. "பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம்?" என்று திருப்பிக் கேட்கிறார். மன்னிப்பின் அளவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, யாருடைய ஆட்சிக்குள் இருக்கிறீர்கள் என்று பதில் வருகிறது. என் பதிலும் இந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கும். (கிருபை என்பது புராட்டஸ்டன்ட் சபைகளின் வழக்கு, கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். நான் இரண்டையும் ஒரே பொருளில்தான் எழுதுகிறேன்.)

முதலில், பல பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு உண்மை போலவே ஆகிவிட்ட ஒரு வாய்ப்பாட்டை அப்புறப்படுத்திவிடுகிறேன். பழைய ஏற்பாடு என்றால் சட்டம், புதிய ஏற்பாடு என்றால் கிருபை என்பது அது. யோவான் 1:17-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள்: நியாயப்பிரமாணம் மோசேயின் மூலமாய்க் கொடுக்கப்பட்டது, கிருபையும் சத்தியமும் இயேசுகிறிஸ்துவின் மூலமாய் உண்டாயின. வசனம் சரி. அதை வைத்துப் பைபிளை இரண்டாகக் கிழிப்பதுதான் தவறு.

பத்துக் கட்டளை யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் வருகிறது. முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வாக்கியம் இருக்கிறது: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." விடுதலை முதலில், கட்டளை பிறகு. இஸ்ரவேலர் கட்டளைகளைக் கைக்கொண்டதற்குப் பரிசாகக் கடலைக் கடக்கவில்லை. கடலைக் கடந்து கரையேறிய பிறகுதான் சீனாய் மலைக்கே வருகிறார்கள். அது மட்டுமா, மீறியவனுக்கு என்ன வழி என்பதும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் முழுக்கப் பாவநிவாரண நாளைப் பற்றியதுதான். யூத மரபு தோராவில், அதாவது பைபிளின் முதல் ஐந்து நூல்களில், 613 கட்டளைகளை எண்ணுகிறது. இவற்றில் 248 'செய்' என்பவை, 365 'செய்யாதே' என்பவை. கேட்கும் நமக்குத்தான் அது தலைச்சுமை போலத் தோன்றுகிறது. 119-ஆம் சங்கீதம் 176 வசனங்களுக்கு அந்தச் சட்டத்தின் மேல் காதல் பாட்டுப் பாடுகிறது. "உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன்" என்று எழுதியவர் நுகத்தடியில் முனகிக்கொண்டிருந்த ஆளாகத் தெரியவில்லை.

1977-இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் இயேசு காலத்தை ஒட்டிய யூத எழுத்துகளை அலசி, புராட்டஸ்டன்ட் உலகத்தைக் கொஞ்சம் உலுக்கினார். புண்ணியக் கணக்குச் சேர்த்துச் சொர்க்கத்துக்குள் நுழையப் பார்ப்பதே யூத மதம் என்ற சித்திரம் தப்பு என்றார். உடன்படிக்கைக்குள் கடவுள் தம் தயவால் சேர்க்கிறார், சேர்ந்தவர்கள் அதற்குள் வாழும் முறைதான் சட்டம் என்பதே அவர்களுடைய பார்வை என்று காட்டினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் பழைய கேலிச்சித்திரத்துக்குத் திரும்பிப் போக இன்று யாருக்கும் துணிவில்லை.

பைபிளைக் கிழிக்கும் வேலையை நிஜமாகவே செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், சட்டம் கொடுத்த கடவுள் வேறு, இயேசு அறிவித்த அன்பின் கடவுள் வேறு என்று சொல்லிப் பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தள்ளினார். லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் நிருபங்களையும் மட்டும், அவற்றிலும் வெட்டிக் குறைத்து, வைத்துக்கொண்டார். கி.பி. 144-இல் ரோமச் சபை அவரை வெளியேற்றியது. "அது பழைய ஏற்பாடுதானே, நமக்கு எதற்கு" என்று இன்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்று அறியமாட்டார்கள்.

அப்படியென்றால் பவுலுக்குச் சட்டத்தோடு என்ன சண்டை? அது புத்தகம் படித்து வந்த சண்டை இல்லை, சாப்பாட்டுப் பந்தியில் வந்தது. அந்தியோகியாவில் யூதக் கிறிஸ்தவர்களும் யூதரல்லாத கிறிஸ்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து, அங்கிருந்த சபைத் தலைவர் யாக்கோபின் பக்கத்திலிருந்து சிலர் வந்ததும் பேதுரு மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுலின் கூட்டாளி பர்னபாவும் கூட அந்தப் பக்கம் சாய்ந்தார். பவுல் எல்லோருக்கும் முன்னால் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அவரே இதை எழுதுகிறார், கோபம் அப்போதும் ஆறவில்லை என்பது தெரிகிறது. பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதில் எவ்வளவு பெரிய இறையியல் அடங்கியிருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி இதுதான்: யூதரல்லாத ஒருவன் கிறிஸ்துவின் மக்களில் ஒருவனாக ஆக, முதலில் விருத்தசேதனம் (ஆணின் முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்து, உணவுவிதிகளை ஏற்று, யூதனாக மாற வேண்டுமா? ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். அப்போஸ்தலர் 15-இல் முடிவு இருக்கிறது. விருத்தசேதனம் தேவையில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கிலிருந்து விலகியிருந்தால் போதும். "கிரியைகளினால் அல்ல" என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்லும்போது இந்தப் பின்னணியை மறந்துவிடக் கூடாது. கடவுளின் வீட்டுக்குள் வர நுழைவுச்சீட்டு எது என்பதுதான் அங்கே தகராறு.

சரி, அதோடு முடிந்திருந்தால் இது ஒரு பழங்காலச் சபை வழக்கு, அவ்வளவுதான். பவுல் அதோடு நிறுத்தவில்லை. ரோமர் ஏழாம் அதிகாரத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார். எனக்கு அவருடைய எழுத்தில் மிகவும் பிடித்த இடமும் மிகவும் சங்கடப்படுத்தும் இடமும் அதுதான்.

சட்டம் பாவமா என்று கேட்டு, இல்லவே இல்லை, அது பரிசுத்தமானது என்கிறார். பிறகு, "இச்சியாதிருப்பாயாக" என்று சட்டம் சொல்லாவிட்டால் இச்சை என்னவென்று நான் அறியமாட்டேன் என்கிறார். அந்தக் கட்டளை வந்ததும் பாவம் அதையே சாக்காக வைத்துக்கொண்டு எனக்குள் எல்லாவித இச்சைகளையும் நடப்பித்தது என்கிறார். பத்துக் கட்டளைகளில் அவர் எதை எடுக்கிறார் பாருங்கள். கொலை, களவு, விபசாரம் எதையும் எடுக்கவில்லை. கையாலும் காலாலும் மீற முடியாத, மனதுக்குள் மட்டுமே மீறக்கூடிய ஒரே கட்டளையை எடுக்கிறார். ஊரில் நல்ல பெயர் எடுத்த மனிதனும் தப்பிக்க முடியாத இடம் அது.

தடை விதித்ததாலேயே ஆசை கிளம்பும் என்பதற்கு அகுஸ்தீனாரை விட நல்ல சாட்சி கிடைக்காது. வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரில் 354-இல் பிறந்தவர். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு இரவில் போய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடியதைப் பின்னாளில் எழுதுகிறார். பசி இல்லை. பழமும் அப்படியொன்றும் நன்றாக இல்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் போட்டார்கள். செய்யக்கூடாது என்பதைத் தவிர அந்தத் திருட்டில் வேறு ருசியே இல்லை என்று, ஆயராகிவிட்ட நடுவயது மனிதர் பக்கம் பக்கமாக அதையே கிளறுகிறார். பேரிக்காய்க்கு இவ்வளவு புலம்பலா என்று சிரித்தவர்கள் உண்டு. அற்பமான களவு என்பதால்தான் அது நல்ல உதாரணம். தேவைக்குத் திருடியவனுக்குத் தேவை ஒரு காரணம். இவருக்கு அதுவும் இல்லை.

தமிழில் 'மோட்ச பிரயாணம்' என்று பல கிறிஸ்தவ வீடுகளில் இருக்கும் ஜான் பனியனின் 1678-ஆம் ஆண்டுக் கதையில் இதற்கு ஒரு காட்சி வருகிறது. பல நாள் பெருக்காத, தூசி மண்டிய அறை. ஒருவன் துடைப்பத்தோடு வந்து பெருக்குகிறான், தூசி கிளம்பிப் பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் தெளிக்கிறாள், அப்புறம் அறை எளிதாகச் சுத்தமாகிறது. பெருக்கியது சட்டம், தெளித்தது சுவிசேஷம். துடைப்பத்தின் மேல் பழி இல்லை, தூசி ஏற்கெனவே அங்கே இருந்ததுதான்.

இங்கேதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பைபிளில் பாவம் இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. யோவானின் முதலாம் நிருபம், நியாயப்பிரமாணத்தை மீறுகிறதே பாவம் என்கிறது. இது செயலாகிய பாவம், எண்ணலாம், அறிக்கையிடலாம், மன்னிக்கலாம். ரோமர் ஐந்திலிருந்து எட்டு வரை பவுல் பேசும் பாவமோ பெரும்பாலும் ஒருமையில் வருகிறது. அது ஆள்கிறது, ஏமாற்றுகிறது, கொல்லுகிறது, சம்பளம் கொடுக்கிறது. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்ற வசனம் சுவரொட்டிகளில் மிரட்டலாக வருவதால் நாம் கவனிப்பதில்லை. அந்த வாக்கியத்தில் பாவம் ஒரு எஜமான். தன்னிடம் வேலை பார்த்தவனுக்குக் கூலி கொடுக்கிறது. அதற்கு எதிரே கடவுள் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் "கிருபைவரம்" என்கிறார்.

பாவம் வெறும் செயல்களின் பட்டியல் என்று எடுத்துக்கொண்டால் கிருபையும் வெறும் தள்ளுபடிதான். அப்போது உங்கள் கேள்விக்குப் பதிலே கிடையாது. தள்ளுபடி உண்டு என்று தெரிந்தவன் கடனை அதிகமாக வாங்கத்தான் செய்வான். பாவம் ஒரு எஜமான் என்று எடுத்துக்கொண்டால் கிருபை அந்த எஜமானிடமிருந்து மீட்பது. மீட்கப்பட்டவன் "இனி நான் தாராளமாகப் பழைய எஜமானுக்கே உழைக்கலாமா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை. ரோமர் 6:14-ஐ முழுசாகப் படித்தால் இது தெளிவாகும்: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." உங்கள் நண்பர் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். பாவம் இனி உன்னை ஆளாது என்பதற்குக் காரணமாகத்தான் பவுல் கிருபையைச் சொல்கிறார். செய்தால் பரவாயில்லை என்பதற்கு அல்ல.

சட்டத்தின் குறைபாடு எது என்பதும் இதிலிருந்து தெரியும். அதன் உள்ளடக்கத்தில் பவுல் குறை காணவே இல்லை. அது எது சரி என்று சொல்லும், அதைச் செய்யும் பலத்தைத் தராது. ரோமர் 8:3-4 இதை நேராகவே சொல்கிறது. மாம்சத்தினால் (மனிதனின் பலவீனமான இயல்பினால்) பலவீனமாயிருந்த சட்டம் செய்ய முடியாததைக் கடவுள் செய்தார். எதற்காக? நியாயப்பிரமாணத்தின் நீதி நம்மிடத்தில் நிறைவேறும்படிக்கே. சட்டம் கேட்டது எதுவோ அது கிடைக்க வேண்டும் என்பதுதான் கிருபைக்கும் நோக்கம். எரேமியா 31-இல் வரும் புதிய உடன்படிக்கையும் கட்டளையை ரத்து செய்வதாகச் சொல்லவில்லை, அதை இருதயத்திலே எழுதுவதாகச் சொல்கிறது.

இதற்குப் பின் வந்த சண்டைகளில் முதல் பெரியது, பலம் யாருடையது என்பது. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியுஸ் என்ற துறவி ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற அகுஸ்தீனாரின் ஜெபத்தை யாரோ ஓர் ஆயர் சொல்லக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை. கடவுள் ஒன்றைச் செய் என்கிறார் என்றால் மனிதனால் அது முடியும் என்றுதானே பொருள், முடியாததைக் கேட்க அவர் என்ன கொடுங்கோலரா என்பது அவர் வாதம். படிக்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அகுஸ்தீனார், முடியாது என்று தெரிந்துகொள்ளவே கட்டளை கொடுக்கப்பட்டது, முடியும்படி செய்யவே அருள் கொடுக்கப்படுகிறது என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியுஸின் போதனைகளைத் தள்ளியது. 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரச் சங்கம், விசுவாசத்தின் முதல் அசைவே அருளால்தான் என்று ஒரு படி மேலே போனது. தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதா, பூனை தன் குட்டியைக் கவ்விக்கொள்வதா என்று வடகலைக்கும் தென்கலைக்கும் நடந்த வாதத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை ஒன்றும் அந்நியமாக இருக்காது.

இரண்டாவது பெரிய சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம். எர்ஃபுர்ட் மடத்தில் துறவியாக இருந்த, அதைத் தொடங்கிவைத்த லூத்தர் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்வார். முடித்துவிட்டு வெளியே வந்ததும் விட்டுப்போன ஒரு பாவம் நினைவுக்கு வரும். சட்டம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அவர் சொந்த அனுபவத்தில் கண்டார். அதனால் சட்டத்தின் முதன்மையான வேலை மனிதனுடைய தன்னம்பிக்கையை உடைத்துக் கிறிஸ்துவிடம் துரத்துவது என்றார். அவருடைய ஆள் ஒருவரே, யோஹான் அக்ரிகோலா, இதை ஒரு எட்டு முன்னே கொண்டுபோனார். கிறிஸ்தவனுக்குச் சட்டத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம், சுவிசேஷமே மனந்திரும்புதலைக் கொண்டுவரும், பத்துக் கட்டளை நகரமன்றத்துக்குப் போகட்டும் என்றார். லூத்தர் கொதித்துப்போனார். 1537-இலிருந்து 1540 வரை விட்டன்பர்க்கில் இதை எதிர்த்து வரிசையாகத் தருக்கங்கள் நடத்தினார். "துணிந்து பாவம் செய்" என்று 1521-இல் தன் சகா மெலாங்தனுக்கு எழுதிய அதே லூத்தர்தான். அந்த வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த வரியைக் காட்டுவதில்லை, "அதைவிடத் துணிந்து கிறிஸ்துவை நம்பு" என்று அது தொடர்கிறது. நான் பாவியே இல்லை என்று நாடகமாடாதே என்பதுதான் அங்கே அவர் சொல்ல வந்தது.

சட்டத்தை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதை, விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் ஞானோபதேசப் புத்தகங்களைப் புரட்டினாலே பார்த்துவிடலாம். 1529-இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளையில் தொடங்குகிறது. முதலில் உன் நோயைத் தெரிந்துகொள், பிறகுதான் விசுவாசப்பிரமாணம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வழியாகத் தமிழுக்கு வந்ததும் இந்த வரிசைதான். இன்னொரு புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதியான கால்வினைப் பின்பற்றிய மரபில் 1563-இல் வந்த ஹைடல்பர்க் ஞானோபதேசத்தில் 129 கேள்விகள். மனிதனின் துன்பம், மீட்பு, நன்றி என்று மூன்று பாகங்கள். பத்துக் கட்டளையின் விளக்கம் மூன்றாம் பாகத்தில், நன்றியின் கீழ் வருகிறது. மீட்கப்பட்டவன் எப்படி நன்றியோடு வாழ்வது என்பதற்கான வழிகாட்டி அது. யாத்திராகமம் 20-இன் வரிசைக்கு இதுதான் நெருக்கம் என்பது என் கருத்து. லூத்தரன் நண்பர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், பரவாயில்லை.

கத்தோலிக்கர்கள் செயல்களால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள் என ஒரு புராட்டஸ்டன்ட் பேச்சு உண்டு. அது நியாயமில்லை. 1547-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையே, நீதிமானாக்கப்படுவதற்கு முன் மனிதன் செய்யும் எதுவும், விசுவாசம் உட்பட, அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. லூத்தருக்கு அருள் முதன்மையாகக் கடவுளின் தீர்ப்பு. உன்னை நீதிமான் என்று எண்ணுகிறேன் என்கிறார், நீ இன்னும் பாவியாக இருக்கும்போதே. திரெந்துக்கு அருள் மனிதனுக்குள் ஊற்றப்பட்டு அவனை உள்ளே மாற்றும் ஒன்று. அதனால் அது வளரும், சாவான பாவத்தால் இழக்கப்படும், ஒப்புரவு அருட்சாதனத்தால் திரும்பக் கிடைக்கும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ இந்த நீதிமன்றப் பேச்சிலேயே அதிகம் ஈடுபடவில்லை. அங்கே பாவம் ஒரு வியாதி, சபை ஒரு மருத்துவமனை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்லாமல் கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த ஏற்பே நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் சேர்ந்துகொண்டன. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்ட விஷயத்தில் இது சின்ன காரியமில்லை. ஆனால் நம் ஊர்ச் சபைகளில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களைக் காண்பதே அபூர்வம்.

யாக்கோபு நிருபத்தைப் பற்றி நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று அது சொல்கிறது, பவுலுக்கு நேர் எதிராகத் தோன்றும். லூத்தரே 1522-இல் அதை வைக்கோல் நிருபம் என்று ஒதுக்கினார். இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் வேறு வேறு நாளில். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம், அங்கே ஆபிரகாம் நட்சத்திரங்களைப் பார்த்து வாக்குறுதியை நம்புகிறார். விருத்தசேதனம் வருவது 17-ஆம் அதிகாரத்தில்தான் என்பதில் பவுலின் வாதமே இருக்கிறது. யாக்கோபு எடுப்பது 22-ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாள். நம்பிக்கை எப்படித் தொடங்கியது என்று ஒருவர் கேட்கிறார், அது உயிரோடு இருக்கிறதா என்று மற்றவர் கேட்கிறார்.

எந்தெந்தக் கட்டளை இன்னும் செல்லும் என்பது இவ்வளவு நேர்த்தியாகத் தீரவில்லை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பழைய சட்டத்தை ஒழுக்கச் சட்டம், வழிபாட்டுச் சட்டம், நீதிபரிபாலனச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்தார். முதலாவது நிலைக்கும், மற்ற இரண்டும் கிறிஸ்துவோடு முடிந்தன என்பது பல சபைகளின் வழக்கமான பதில். சௌகரியமான பதில்தான், தோராவோ அப்படிப் பிரித்து வைக்கவில்லை. லேவியராகமம் 19:18 உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்கிறது. அடுத்த வசனமே இரண்டுவித நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. ஓய்வுநாள் கட்டளையை எதில் சேர்ப்பது? பத்துக்குள் இருப்பதால் ஒழுக்கச் சட்டமா? அப்படியானால் ஏன் பெரும்பாலோர் சனிக்கிழமையை விட்டார்கள்? சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் பதில்களில் பாதி எனக்கே திருப்தி தருவதில்லை.

நம் சபைகளுக்கு வந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். "நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல" என்று முழங்கும் அதே பிரசங்க மேடையிலிருந்து அரைமணி நேரத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரம் வரும், தசமபாகம் கொடுக்காதவன் கடவுளை வஞ்சிக்கிறான், சாபம் வரும் என்று. பன்றிக்கறி பற்றிய சட்டம் போய்விட்டது, பத்தில் ஒரு பங்கு சட்டம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. வேறு சில இடங்களில் நகை போடாதே, பூ வைக்காதே, சினிமா பார்க்காதே என்று தோராவிலேயே இல்லாத சட்டங்கள் கிருபையின் பெயரால் வரும். கொடுத்தால் இரட்டிப்பாய்க் கிடைக்கும் என்ற போதனையைக் கிருபை என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அது பச்சையான வியாபாரம்.

எதிர்ப் பக்கத்து ஆபத்தை ஜெர்மன் லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல், நாஜி ஆட்சிக்குள் இருந்துகொண்டே எழுதினார். மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை ஆகியவற்றை மலிவான கிருபை என்றார். லூத்தரின் நாட்டிலேயே, லூத்தரின் சொற்களையே பேசிக்கொண்டு, யூதர்களுக்கு நடப்பதைச் சபை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கிருபையைத் தள்ளுபடியாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்ற உங்கள் சந்தேகம் கற்பனையில்லை, நடந்திருக்கிறது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எஜமான் மாறிவிட்டார் என்றால், விசுவாசி ஏன் மறுபடி மறுபடி விழுகிறார்? ரோமர் 7-இன் கடைசிப் பகுதி இதைத்தான் கதறுகிறது: "நிர்ப்பந்தமான மனுஷன் நான்! இந்த மரணசரீரத்தினின்று யார் என்னை விடுதலையாக்குவார்?" இந்த 'நான்' யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. இளமையில் அகுஸ்தீனார் அதைக் கிருபைக்கு முந்திய மனிதனின் குரல் என்று படித்தார், பெலாகியுஸோடு மோதிய பிறகு விசுவாசியின் குரலாகவே படித்தார். லூத்தர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்தவன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. வேண்டுமென்றே பாவம் செய்வதிலிருந்து இந்த வாழ்விலேயே விடுதலை உண்டு, பூரண அன்பு சாத்தியம் என்றார். எனக்கு வெஸ்லியின் ஆசை பிடிக்கும். என் சுபாவத்தைப் பார்த்தால் லூத்தர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

மன்னிப்பு இலவசம் என்றால் மனிதன் ஏன் ஒழுங்காக இருப்பான் என்று கேட்டீர்களே, அதற்கு லூக்கா 19-இல் வரும் சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார். கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை, பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஊரார் முறுமுறுக்கிறார்கள். சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். தானாக ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5-இன் சட்டம். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அதை அறுத்தோ விற்றோ விட்டவனுக்கு யாத்திராகமம் 22 விதிக்கும் தண்டனை. யாரும் கேட்காமலே அவன் தனக்குக் கடுமையான சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறான், அதற்கு மேல் பாதிச் சொத்து வேறு. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொல்வது இதற்குப் பிறகுதான் என்று கத்தோலிக்க நண்பர் சுட்டிக்காட்டுவார். அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது இதற்கு முன்பே என்று லூத்தரன் நண்பர் பதில் சொல்வார். வசனத்தில் இரண்டுமே இருக்கின்றன.